புள்ளி அறியும் புரதம்

நுழையும்முன்

ஒரு பொருள் இருக்கிறது என்று அறிவது ஓர் அறிவு. அது இயங்குகிறது என்று அறிவது வேறோர் அறிவு. வீட்டில் விளக்கு இருப்பதும் அவ்விளக்கு எரிவதும் ஒன்றல்ல. கண்ணுக்குப் புலனாகும் பொருள்களில் இவ்வேறுபாட்டை எளிதில் காணலாம். செல்லின் மேற்பரப்பில் சாதாரண நுண்ணோக்கிக்கும் எட்டாத அளவில் அமைந்த ஒரு புரதம் இயங்குகிறதா, ஓய்ந்திருக்கிறதா என்பதை எவ்வாறு அறிவது? அதற்கென உருவாக்கப்பட்ட ஒருவகை எதிர்ப்பொருளையும், அது கூறும் சான்றை ஆய்வாளர்கள் சோதித்து ஏற்கும் முறையையும் இப்பாடம் விளக்குகிறது.

ஒரு மருந்தும் ஒரு புதிரும்

2003ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜெஃபிட்டினிப் என்னும் மாத்திரைக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. நுரையீரல் புற்றுநோய் முற்றி, பிற மருந்துகளும் பயன்தராமற் போன நோயாளர்களுக்கு அது வழங்கப்பட்டது. அவர்களுள் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு மட்டுமே நல்ல பயன் விளைந்தது. அந்த ஒருவரிடம் விளைந்த பயனோ மருத்துவர்களை வியக்க வைத்தது. கட்டி விரைவாகச் சுருங்கியது, மூச்சுத்திணறல் தணிந்தது. எஞ்சிய ஒன்பதின்மருக்கு அத்தகைய பயன் கிட்டவில்லை. மருந்து ஒன்றே, நோயின் பெயரும் ஒன்றே. விளைவு மட்டும் ஏன் வேறுபட்டது?

அம்மருந்து செல்லின் மேற்பரப்பில் உள்ள ஒரு புரதத்தைத் தடுப்பதற்காக வடிவமைக்கப்பட்டது. புறத்தோல் வளர்ச்சிக் காரணி ஏற்பி என்பது அப்புரதத்தின் பெயர். அதனைச் சுருக்கமாக இ.ஜி.எஃப்.ஆர். என வழங்குவர். எந்தக் கட்டியில் இவ்வேற்பி மிகுதியாக இருக்கிறதோ, அந்தக் கட்டிக்கே மருந்து பயன்படும் என்று முதலில் எதிர்பார்த்தனர். கட்டியில் ஏற்பியின் அளவைக் கணக்கிட்டும் பார்த்தனர். ஆயினும் அவ்வளவைக் கொண்டு பயன்பெறுவோரையும் பயன்பெறாதோரையும் பிரித்தறிய இயலவில்லை. ஏற்பி எவ்வளவு இருக்கிறது என்ற கேள்வி போதாது, அது எவ்வாறு இயங்குகிறது என்றும் கேட்டாக வேண்டும் என்பது தெளிவாயிற்று.

வாயிலில் நிற்கும் ஏற்பி

இவ்வேற்பியின் வரலாறு எலிக்குஞ்சுகளின் கண்களிலிருந்து தொடங்குகிறது. அமெரிக்க உயிர்வேதியியல் அறிஞர் ஸ்டான்லி கோஹன், எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றைப் பிறந்த எலிக்குஞ்சுகளுக்குச் செலுத்தி ஆராய்ந்தார். அக்குஞ்சுகளின் இமைகள் வழக்கத்தைவிடப் பல நாள் முன்னதாகவே திறந்தன. பற்களும் முன்னதாகவே முளைத்தன. தேடிய பொருள் வேறாக இருந்தும், எதிர்பாராத இவ்விளைவை அவர் புறக்கணிக்கவில்லை. சாற்றில் உள்ள எப்பொருள் இதற்குக் காரணம் என்று தேடி, 53 அமினோ அமிலங்களால் ஆன ஒரு சிறு புரதத்தைப் பிரித்தெடுத்தார். 1962இல் வெளிவந்த இக்கண்டுபிடிப்பே பின்னர்ப் புறத்தோல் வளர்ச்சிக் காரணி எனப் பெயர் பெற்றது. நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கண்டறிந்த ரீட்டா லெவி மொன்டால்சினியுடன் இணைந்து 1986இல் கோஹன் நோபல் பரிசைப் பெற்றார்.

வளர்ச்சிக் காரணி செல்லுக்குள் நேரே நுழைந்து ஆணையிடுவதில்லை. செல்சவ்வில் ஊடுருவி நிற்கும் ஏற்பியிடம் அது செய்தியைச் சேர்ப்பிக்கிறது. ஏற்பியின் ஒரு பகுதி செல்லுக்கு வெளியே உள்ளது; சிறுபகுதி சவ்வினுள் பதிந்துள்ளது; எஞ்சிய பகுதி செல்லின் உள்ளே வால்போல் நீண்டுள்ளது. வளர்ச்சிக் காரணி வெளிப்பகுதியில் பொருந்தியதும் அருகருகே உள்ள இரண்டு ஏற்பிகள் இணைகின்றன. உடனே அவற்றின் உட்பகுதியில் அமைந்த கைனேஸ் என்னும் நொதி விழித்தெழுகிறது. அந்நொதி, ஏ.டி.பி. மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட் தொகுதியைப் பிரித்து, இணை ஏற்பியின் வாலில் உள்ள டைரோசின் என்னும் அமினோ அமிலத்தின்மீது பொருத்துகிறது. இதுவே பாஸ்பரிகரணம் எனப்படும்.

வாலில் பாஸ்பேட் ஏறிய இடங்களைச் செல்லின் உள்ளிருக்கும் பிற புரதங்கள் இனங்கண்டு பற்றிக்கொள்கின்றன. எடுத்துக்காட்டாக, 1068ஆம் இடத்திலுள்ள டைரோசினில் பாஸ்பேட் ஏறியதும் அதனை ஒரு தூதுப் புரதம் பற்றுகிறது. அதிலிருந்து செய்தி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கென அஞ்சல் ஓட்டம்போல் கைமாறி, இறுதியில் உட்கருவை அடைகிறது. செல் வளர்கிறது, பிரிகிறது. 1045ஆம் இடத்தில் ஏறும் பாஸ்பேட்டோ ஏற்பியைச் செல்லினுள் இழுத்து அழிப்பதற்கான அறிகுறியாகிறது. செய்தியைத் தொடங்கிவைக்கும் ஏற்பியிடமே அதனை முடித்துவைக்கும் ஏற்பாடும் அமைந்துள்ளது. காயம் ஆறுவதும் தோல் புதுப்பிக்கப்படுவதும் இத்தகைய ஒழுங்கினால்தான். தொடங்கிய செய்தி முடியாமல் நீளுமானால், அவ்வொழுங்கு குலைந்து புற்றுநோய்க்கு வழி திறக்கிறது.

ஒரு புள்ளியின் ஆற்றல்

தமிழ் எழுத்துமுறையை அறிந்தோர்க்குப் பாஸ்பேட்டின் ஆற்றலை விளக்குவது எளிது. ‘கல’ என்பது கலக்கச் சொல்லும் ஏவல். அதன் இறுதி எழுத்தின்மேல் ஒரு புள்ளி வைத்தால் ‘கல்’ என்றாகி, கற்கச் சொல்லும் ஏவலாகிவிடுகிறது. இட்டது ஒரு புள்ளி, மாறியதோ ஆணை. பாஸ்பேட்டும் அத்தகைய புள்ளியே. அது நீங்கினால் ஏற்பி பழைய நிலைக்குத் திரும்புகிறது.

பழைய ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி இடுவது பெரும்பாலும் தவிர்க்கப்பட்டது. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பது அதற்குக் காரணம். எனவே, சுவடியைப் படிப்போர் எது மெய், எது உயிர்மெய் என்பதை இடம்நோக்கி உய்த்துணர வேண்டியிருந்தது. ஏற்பியை ஆராய்ந்தோரின் நிலையும் தொடக்கத்தில் அவ்வாறே இருந்தது. எழுத்து தெரிந்தது; புள்ளி தெரியவில்லை.

புள்ளி தெரியாமைக்குக் காரணம் அதன் சிறுமையே. சர்க்கரைக் கிளைகளுடன் கூடிய ஏற்பியின் மூலக்கூறு எடை ஏறத்தாழ 1,70,000 டால்டன். ஒரு பாஸ்பேட் ஏறுவதால் கூடும் எடையோ 80 டால்டன் மட்டுமே. அஃதாவது, ஏற்பியின் எடையில் ஏறத்தாழ ஈராயிரத்தில் ஒரு பங்கு. 60 கிலோ எடையுள்ள ஒருவர் 30 கிராம் எடையுள்ள ஒரு சாவிக்கொத்தைச் சட்டைப்பையில் வைத்திருப்பதற்கு ஒப்பானது இது. எடை போட்டுப் பார்த்து அவரிடம் சாவி இருக்கிறதா என்று கூறுவது எளிதன்று. அதிலும் எந்தப் பையில் இருக்கிறது என்று கூறுவது அரிதினும் அரிது.

1978இல் கோஹனும் அவருடைய குழுவினரும் வளர்ச்சிக் காரணியைச் சேர்த்ததும் செல்சவ்வுப் புரதங்களில் பாஸ்பேட் ஏறுவதைக் கண்டனர். ஏ-431 என்னும் புற்றுநோய்ச் செல்வகை அவர்களுக்குப் பெரிதும் உதவியது. அச்செல் ஒவ்வொன்றிலும் 20 இலட்சத்திற்கும் மேற்பட்ட ஏற்பிகள் இருந்தன. ஆயினும், அக்காலத்தில் பாஸ்பேட் செரின், திரியோனின் ஆகிய இரண்டு அமினோ அமிலங்களின்மீதே ஏறும் என்று பொதுவாகக் கருதப்பட்டது. டைரோசினின்மீதும் ஏறும் என்பது 1979இல் வெளிப்பட்டது. புற்றுநோயை உண்டாக்கும் நச்சுயிரிகளை ஆராய்ந்துகொண்டிருந்த டோனி ஹன்டரும் அவருடைய குழுவினரும் அதனைக் கண்டறிந்தனர். 1980இல், ஏற்பியின் கைனேஸ் நொதியும் டைரோசினின்மீதே பாஸ்பேட்டை ஏற்றுகிறது என்று கோஹனின் ஆய்வகம் நிறுவியது.

தெரிந்து தெளிவோம்

அமெரிக்காவின் சால்க் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய டோனி ஹன்டர், பாஸ்பேட் ஏறிய அமினோ அமிலங்களைப் பிரித்தறிய ஒரு கரைசலைப் பயன்படுத்தினார். அதன் அமிலத்தன்மை பி.எச். 1.9 என்ற அளவில் இருக்க வேண்டும். புதிய கரைசலைத் தயாரிக்காமல் பழையதையே அவர் மீண்டும் பயன்படுத்தியமையால் அவ்வளவு 1.7 ஆகக் குறைந்திருந்தது. உரிய அளவில் இருந்திருந்தால் டைரோசினுக்குரிய புள்ளி திரியோனினுக்குரிய புள்ளியோடு ஒன்றி மறைந்திருக்கும். கரைசல் மாறியிருந்தமையால் இரண்டும் தனித்தனியே விலகி நின்றன. பிழை வாய்ப்பைத் தந்தது. புதிய புள்ளியைப் பொருட்படுத்திய கூர்மை கண்டுபிடிப்பைத் தந்தது. இயல்பான செல்லில் பாஸ்பேட் ஏறிய அமினோ அமிலங்களுள் டைரோசினின் பங்கு பத்தாயிரத்தில் ஏறத்தாழ மூன்றே ஆகும்.

எதிர்ப்பொருளைத் தேர்ந்தெடுத்தல்

இவ்வளவு அரிய புள்ளியைத் தேடிப் பிடிக்க வல்ல கருவியை உயிரினங்களின் உடலே உருவாக்கித் தருகிறது. உடலுக்குள் அயற்பொருள் நுழைந்தால் அதனைப் பற்றிக்கொள்ளும் புரதங்களை நோய்த்தடுப்பு மண்டலம் உற்பத்தி செய்கிறது. அவையே எதிர்ப்பொருள்கள். ஒவ்வோர் எதிர்ப்பொருளின் நுனியும் குறிப்பிட்ட ஒரு வடிவத்தோடு மட்டும் பொருந்துமாறு அமைந்துள்ளது. பூட்டுக்கேற்ற சாவி என்று இதனைக் கூறுவர்.

1981இல் அலோன்சோ ராஸ், டேவிட் பால்டிமோர், ஹெர்மன் ஐசன் ஆகியோர் பாஸ்பேட் ஏறிய டைரோசினைப் பற்றும் எதிர்ப்பொருளை உருவாக்கினர். அது எப்புரதத்தில் இருந்தாலும் அப்புள்ளியை அடையாளம் கண்டது. இது பெரும் முன்னேற்றமே. எனினும், எல்லாப் புள்ளிகளையும் ஒருங்கே காட்டும் கருவியால் ‘இச்சொல்லில், இவ்வெழுத்தின்மேல் புள்ளி உள்ளதா’ என்னும் கேள்விக்கு விடை கூற இயலாது. அதற்கு இடமறிந்து பற்றும் எதிர்ப்பொருள் தேவைப்பட்டது.

அத்தகைய எதிர்ப்பொருளை உருவாக்கும் முறை பின்வருமாறு அமைகிறது. முதலில், ஏற்பியின் வாலில் 1068ஆம் டைரோசினையும் அதன் இருபுறமும் உள்ள சில அமினோ அமிலங்களையும் கொண்ட சிறு துண்டு ஆய்வகத்தில் வேதியியல் முறையில் தொகுக்கப்படுகிறது. பெப்டைடு எனப்படும் அத்துண்டில் டைரோசினின்மீது பாஸ்பேட்டும் பொருத்தப்படுகிறது. இத்துணைச் சிறிய துண்டை நோய்த்தடுப்பு மண்டலம் பொருட்படுத்தாது. எனவே, அது பெரிய புரதம் ஒன்றோடு பிணைக்கப்படுகிறது. கலிபோர்னியக் கடலோரத்தில் வாழும் ஒருவகைக் கடல்நத்தையின் இரத்தத்திலுள்ள நீலநிறப் புரதம் இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. பின்னர், இக்கலவை முயலுக்குச் சில வார இடைவெளியில் பலமுறை ஊசிவழிச் செலுத்தப்படுகிறது. முயலின் குருதிநீரில் எதிர்ப்பொருள்கள் பெருகுகின்றன.

அக்குருதிநீரில் வேண்டியனவும் வேண்டாதனவும் கலந்தே இருக்கும். புள்ளியைக் கருதாமல் துண்டின் பிற பகுதியைப் பற்றும் எதிர்ப்பொருள்களும் அதில் உண்டு. ஆகவே, குருதிநீர் இருமுறை வடிக்கப்படுகிறது. பாஸ்பேட் இல்லாத துண்டுகள் பதிக்கப்பட்ட குழாயின் வழியே முதலில் அது செலுத்தப்படுகிறது. புள்ளியைப் பொருட்படுத்தாத எதிர்ப்பொருள்கள் அங்கேயே தங்கிவிடுகின்றன. வெளிவரும் நீர் பாஸ்பேட் உள்ள துண்டுகள் பதிக்கப்பட்ட மற்றொரு குழாயின் வழியே செலுத்தப்படுகிறது. இம்முறை தங்குபவையே தேடிய எதிர்ப்பொருள்கள். அவற்றைப் பிரித்துச் சேமிக்கின்றனர். முதற்குழாய் வேண்டாததை விலக்குகிறது. இரண்டாம் குழாய் வேண்டியதைக் கொள்கிறது.

முயலுக்கு முயல் எதிர்ப்பொருளின் தன்மை மாறும். ஒரு முயல் இறந்தால் அதன் எதிர்ப்பொருளும் அதனோடு முடிந்துபோகும். இக்குறையை நீக்க 1975இல் ஜார்ஜ் கோலர், சீசர் மில்ஸ்டீன் ஆகியோர் கண்டறிந்த மானோகுளோனல் முறை துணைசெய்கிறது. எதிர்ப்பொருளை உருவாக்கும் செல்லை இடைவிடாது பெருகும் புற்றுநோய்ச் செல்லோடு இணைத்து, ஒரே வகையான எதிர்ப்பொருளைத் தொடர்ந்து பெறும் வழியை அவர்கள் காட்டினர். அதற்காக 1984இல் நோபல் பரிசும் பெற்றனர்.

ஒற்றியெடுத்துப் பார்த்தல்

எதிர்ப்பொருள் கிடைத்தபின் அதனைக் கொண்டு ஏற்பியின் நிலையை அறியப் பல முறைகள் உள்ளன. அவற்றுள் பெரிதும் வழங்குவது வெஸ்டர்ன் ஒற்றுதல் என்னும் முறை.

முதலில் செல்களை உடைத்துப் புரதங்களை வெளிக்கொணர வேண்டும். இங்கே விரைவும் குளிர்ச்சியும் இன்றியமையாதவை. செல்லில் பாஸ்பேட்டை ஏற்றும் நொதிகள் இருப்பதுபோலவே அதனை நீக்கும் பாஸ்படேஸ் நொதிகளும் உள்ளன. செல் உடைந்த பின்னும் அவை ஓய்வதில்லை. காலம் தாழ்த்தினால் அவை புள்ளியை அழித்துவிடும். எனவே, பனிக்கட்டியின்மேல் வைத்துப் பணிசெய்வதோடு, சோடியம் ஆர்த்தோவனடேட் போன்ற தடைப்பொருள்களையும் சேர்க்கின்றனர்.

பின்னர், புரதக்கலவையைச் சலவைப்பொருளோடு சூடாக்கி, ஜெல் என்னும் கூழ்மத் தகட்டில் இட்டு மின்னோட்டம் செலுத்துகின்றனர். சிறிய புரதங்கள் விரைந்தும் பெரியவை மெதுவாகவும் நகர்ந்து, அளவின்படி வரிசையாகப் பிரிகின்றன. அவ்வரிசை குலையாமல் ஒரு மெல்லிய தாளுக்கு ஒற்றியெடுக்கப்படுகிறது. தாளின் வெற்றிடங்களில் எதிர்ப்பொருள் வீணே ஒட்டாதிருக்க அவ்விடங்களை வேறொரு புரதத்தால் மூடுகின்றனர். இதற்குப் பொதுவாகப் பால்பொடி பயன்படும். ஆனால், பாலிலுள்ள கேசின் என்னும் புரதமே பாஸ்பேட் ஏறிய ஒன்று. ஆதலின், பாஸ்பேட்டைத் தேடும் ஆய்வில் பலர் பாலைத் தவிர்த்து அல்புமின் புரதத்தைப் பயன்படுத்துகின்றனர்.

அதன்பின் தாளை எதிர்ப்பொருள் கரைசலில் ஊறவைத்துக் கழுவுகின்றனர். முயலின் எதிர்ப்பொருளைப் பற்றக்கூடிய வெள்ளாட்டு எதிர்ப்பொருள் அடுத்துச் சேர்க்கப்படுகிறது. அதனோடு ஒளியை உண்டாக்கும் வினையைத் தூண்டும் நொதி ஒன்று பிணைக்கப்பட்டிருக்கும். உரிய வேதிப்பொருளைத் தெளித்ததும், 1,70,000 டால்டன் எடைக்குரிய இடத்தில் ஒரு கோடு ஒளிர்கிறது. புள்ளி இருக்கிறது என்பதற்கு அக்கோடு சான்று.

தெரியுமா?

ஏற்பியின் 1068ஆம் டைரோசினைச் சில நூல்கள் 1092ஆம் டைரோசின் எனக் குறிப்பிடும். இரண்டும் ஓரிடமே. ஏற்பி உருவாகும்போது அதன் முற்பகுதியில் 24 அமினோ அமிலங்கள் கூடுதலாக இருந்து, பின்னர் நீக்கப்படுகின்றன. அவற்றையும் சேர்த்து எண்ணுவோர் 1092 என்பர். நீக்கி எண்ணுவோர் 1068 என்பர். எண்ணை மட்டும் நோக்கி எதிர்ப்பொருளைத் தேர்ந்தெடுப்போர் இதனை மனங்கொள்ள வேண்டும்.

சாட்சியை வினவுதல்

ஒளிரும் கோட்டைக் கண்டதும் உண்மையைக் கண்டுவிட்டதாகக் கருதலாகாது. எதிர்ப்பொருள் ஒரு சாட்சி. சாட்சி கூறுவதை ஏற்குமுன் அதனைக் குறுக்கு வினவுவது அறிவியலின் நெறி. நம்பத்தகுந்தாரை ஆராய்ந்து நம்புதல் குறித்துத் திருக்குறளில் ‘தெரிந்துதெளிதல்’ என ஒரு தனி அதிகாரமே உள்ளது. ஆய்வகத்திற்கும் அந்நெறி பொருந்தும்.

முதல் வினா: கோடு பளிச்சிடுவது புள்ளி மிகுந்ததாலா, ஏற்பியே மிகுந்ததாலா? இதற்கு விடைகாண, புள்ளியைக் கருதாமல் ஏற்பி முழுவதையும் காட்டும் மற்றோர் எதிர்ப்பொருளைக் கொண்டும் அதே மாதிரி ஆராயப்படுகிறது. இரண்டையும் ஒப்பிட்ட பின்னரே முடிவுக்கு வரலாம்.

இரண்டாம் வினா: எதிர்ப்பொருள் காண்பது உண்மையில் பாஸ்பேட்டைத்தானா? வளர்ச்சிக் காரணியைச் சேர்க்காத செல், சேர்த்த செல் ஆகிய இரண்டும் அருகருகே வைத்து ஆராயப்படுகின்றன. முன்னதில் கோடு மங்கியும் பின்னதில் பளிச்சிட்டும் இருத்தல் வேண்டும். பின்னர், பாஸ்படேஸ் நொதியால் பாஸ்பேட் அனைத்தும் நீக்கப்படுகிறது. அப்போது கோடு மறைய வேண்டும். மறையாவிடில் அச்சாட்சி ஏற்கத்தக்கதன்று.

மூன்றாம் வினா: அது காண்பது இவ்வேற்பியைத்தானா? இவ்வேற்பிக்கு மூன்று உடன்பிறப்புகள் உள்ளன. நான்கும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அமைப்பில் ஒன்றையொன்று ஒத்தவை. ‘கல்’ என்னும் சொல்லைத் தேடுவோர் ‘பல்’ என்பதைக் கண்டு மயங்குவதுபோல, எதிர்ப்பொருளும் மயங்கக்கூடும். இம்மயக்கத்தைத் தவிர்க்க, ஏற்பிக்குரிய மரபணு நீக்கப்பட்ட செல்லில் எதிர்ப்பொருள் சோதிக்கப்படுகிறது. ஏற்பியே இல்லாத செல்லிலும் கோடு தோன்றுமாயின், அது பொய்ச்சாட்சி எனத் தெளியலாம்.

இச்சோதனைகள் வீண் சடங்குகள் அல்ல. சோதிக்கப்படாத எதிர்ப்பொருளை நம்பி நடத்தப்படும் ஆய்வு தவறான முடிவைத் தரும். அம்முடிவின்மீது வேறோர் ஆய்வு எழும்பும். பல ஆண்டு உழைப்பும் பெரும்பொருளும் வீணாகும். இந்நிலையைக் களைய, 2016இல் பன்னாட்டு அறிஞர் குழு ஒன்று எதிர்ப்பொருள்களைச் சரிபார்ப்பதற்கு ஐந்து வழிமுறைகளை வகுத்து வெளியிட்டது. மரபணுவை நீக்கிச் சோதித்தல் அவ்வைந்தனுள் ஒன்றாகும்.

புதிர் அவிழ்ந்தது

2004இல் நுரையீரல் புற்றுநோய்ப் புதிருக்கு விடை கிடைத்தது. பாஸ்டன் நகரில் தனித்தனியே பணியாற்றிய இரண்டு குழுக்கள் ஏறத்தாழ ஒரே காலத்தில் அவ்விடையைக் கண்டன. மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் குழு, ஜெஃபிட்டினிப் மருந்தால் பயன்பெற்ற ஒன்பது நோயாளர்களின் கட்டிகளை ஆராய்ந்தது. அவர்களுள் எண்மரின் கட்டிகளில் ஏற்பிக்குரிய மரபணுவில் திடீர்மாற்றம் காணப்பட்டது. பயன்பெறாத எழுவரின் கட்டிகளிலோ ஒன்றில்கூட அம்மாற்றம் இல்லை.

மரபணுவில் மாற்றம் உள்ளது என்பது தெரிந்தது. அம்மாற்றம் ஏற்பியின் இயக்கத்தை மாற்றுகிறதா என்பது அடுத்து எழுந்த கேள்வி. இதற்கு விடைகூறும் பணி, 1068ஆம் டைரோசினின் புள்ளியை மட்டும் அறியும் எதிர்ப்பொருளிடம் ஒப்படைக்கப்பட்டது. இயல்பான ஏற்பியைக் கொண்ட செல்களுக்கும் மாறிய ஏற்பியைக் கொண்ட செல்களுக்கும் வளர்ச்சிக் காரணி கொடுக்கப்பட்டது. இயல்பான ஏற்பியில் ஏறிய புள்ளி 15 நிமிடங்களுக்குப்பின் தணிந்தது. மாறிய ஏற்பியிலோ அது மூன்று மணி நேரம் வரை நீடித்தது. அணைய வேண்டிய விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தது.

அடுத்து மருந்து சேர்க்கப்பட்டது. இயல்பான ஏற்பியின் புள்ளியை முற்றிலும் நீக்கத் தேவைப்பட்ட மருந்துச்செறிவில் பத்தில் ஒரு பங்கே, மாறிய ஏற்பியின் புள்ளியை நீக்கப் போதுமானதாக இருந்தது. கட்டியை வளர்த்த மாற்றமே அதனை மருந்துக்கு எளிதில் வசப்படுத்தியது. பத்தில் ஒருவர் மட்டும் நலமடைந்தது தற்செயல் அன்று என்பது இவ்வாறு புலனாயிற்று.

இவ்வறிவு நோயாளரின் வாழ்வோடு நேரடித் தொடர்புடையது. கிழக்காசிய நாடுகளில் 1,217 நோயாளர்களிடம் நடத்தப்பட்டு, 2009இல் வெளியான ஆய்வு அதனை உறுதிசெய்தது. திடீர்மாற்றம் உடையோர்க்கு ஜெஃபிட்டினிப், வழக்கமான வேதிமருந்துகளைவிட நீண்டகாலம் நோயைக் கட்டுப்படுத்தியது. மாற்றம் இல்லாதோர்க்கோ வழக்கமான மருந்தே மேலானதாக இருந்தது. ஒருவருக்கு உயிர்காக்கும் மாத்திரை, மற்றொருவருக்கு அரிய காலத்தை வீணாக்கும் மாத்திரையாகலாம். சோதித்து அறியாமல் வழங்குவது எத்துணைத் தீங்கு என்பதை இது காட்டுகிறது.

எதிர்ப்பொருளின் எல்லை

இன்று மருத்துவமனைகளில் இம்மருந்துக்குரியோரைத் தேர்ந்தெடுக்க மரபணுச் சோதனையே செய்யப்படுகிறது. புள்ளியறியும் எதிர்ப்பொருள் அதற்குப் பயன்படுவதில்லை. அறுவையில் எடுத்த கட்டி, பதப்படுத்தப்படும் வரை காத்திருக்கும் நேரத்திலேயே பாஸ்பேட் நீங்கக்கூடும். உடலில் இருந்த புள்ளி, மேசைக்கு வரும்போது இல்லாமற்போகலாம். மரபணுவில் ஏற்பட்ட மாற்றமோ அவ்வாறு எளிதில் அழிவதில்லை. ஒரு கருவி எதற்குப் பயன்படும் என்று அறிவதோடு எதற்குப் பயன்படாது என்று அறிவதும் அறிவியலறிவே.

எனினும், அம்மரபணு மாற்றத்தின் பொருளை விளக்கியது இவ்வெதிர்ப்பொருளே. இன்றும் புதிய மருந்தொன்று ஏற்பியை உண்மையிலேயே அடக்குகிறதா என்று ஆய்வகத்தில் அறிவதற்கு அது துணைநிற்கிறது. மருந்துக்கு முதலில் பணிந்த கட்டி, காலப்போக்கில் வேறொரு திடீர்மாற்றத்தால் மருந்தை எதிர்த்து நிற்பதும் உண்டு. அவ்வாறு நிற்கும்போது அணைந்த விளக்கு மீண்டும் எரிகிறதா, வேறு வழியாக ஒளி வருகிறதா என்று பிரித்தறிய வேண்டியுள்ளது. அவ்விடத்தும் ஆய்வாளர் நாடுவது இச்சாட்சியையே.

எலிக்குஞ்சின் இமை முன்னதாகத் திறந்ததைப் பொருட்படுத்தியவர் ஒருவர். விலகி நின்ற புள்ளியைப் பொருட்படுத்தியவர் மற்றொருவர். பத்தில் ஒருவர் ஏன் நலமடைந்தார் என்று கேட்டோர் வேறு சிலர். சிறியதைச் சிறிதென்று தள்ளாமையும், கண்டதை உடனே நம்பிவிடாமையும் இவர்கள் அனைவருக்கும் பொதுவாக அமைந்த பண்புகள். ஈராயிரத்தில் ஒரு பங்கு எடையுள்ள புள்ளியைப் படிக்கக் கற்றதனால் மனிதர் சிலரின் வாழ்நாள் நீண்டது. அவ்வாறு படித்ததைச் சரிபார்க்கவும் கற்றதனால் அவ்வறிவு நிலைபெற்றது.

கலைச்சொல் அறிவோம்

ஏற்பி – செல்லுக்கு வெளியிலிருந்து வரும் செய்தியைப் பெற்று உள்ளே அறிவிக்கும் புரதம்.
பாஸ்பரிகரணம் – ஒரு மூலக்கூறின்மீது பாஸ்பேட் தொகுதி ஏறுதல்.
கைனேஸ் – பாஸ்பேட்டை ஏற்றும் நொதி.
பாஸ்படேஸ் – பாஸ்பேட்டை நீக்கும் நொதி.
எதிர்ப்பொருள் – குறிப்பிட்ட வடிவத்தை இனங்கண்டு பற்றும் நோய்த்தடுப்புப் புரதம்.
திடீர்மாற்றம் – மரபணுவின் அமைப்பில் நேரும் மாறுதல்.

கற்பவை கற்றபின்...

1. புள்ளி இட்டால் பொருள் மாறும் சொற்கள் பத்தினைத் தொகுத்து, அவற்றுள் ஒன்றைக் கொண்டு பாஸ்பரிகரணத்தை உங்கள் சொற்களில் விளக்குக.

2. ‘எதிர்ப்பொருள் ஒரு சாட்சி’ என்னும் கருத்தை அடிப்படையாகக் கொண்டு, வழக்காடுமன்றக் காட்சி ஒன்றை உரையாடல் வடிவில் எழுதி வகுப்பறையில் நடித்துக் காட்டுக.

3. இருத்தலுக்கும் இயங்குதலுக்கும் உள்ள வேறுபாட்டை அறியவேண்டிய சூழல் ஒன்றை அன்றாட வாழ்விலிருந்து எடுத்துக்காட்டி ஒரு பக்க அளவில் எழுதுக.

4. எதிர்பாராத நிகழ்வைக் கூர்ந்து நோக்கியதால் விளைந்த அறிவியல் கண்டுபிடிப்புகள் இரண்டினைத் திரட்டி, வகுப்பில் உரை நிகழ்த்துக.